ஆறப் பொறுத்தல்

எங்கள் ஊரில் ஒருவரை வழியனுப்பும்போது "ஆறுதலாப் போங்கோ" என்போம். அவசரப்படாமல் மெல்லப் போங்கள் என்று பொருள். செத்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதும் ஆறுதல்தான். பால் ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும், மனம் ஆறும். சூடு தணிவதற்கும் காயம் மாறுவதற்கும் களைப்புத் தீர்வதற்கும் துக்கம் தேறுவதற்கும் நம்மிடம் ஒரே வினைச்சொல் இருக்கிறது. குசினியில் இருபத்தாறு வருடம் நின்ற எனக்கு இந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம் உண்டு. "ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கேல்லை" என்று என் அம்மம்மா சொல்லுவா. சோறு வேகும்வரை அடுப்படியில் காத்திருந்தவன், அது ஆறுகிற ஐந்து நிமிசத்தைப் பொறுக்க மாட்டாமல் வாயைச் சுட்டுக்கொள்கிறான்.

பாரிசுக்கு வந்துசேர்ந்த எங்கள் தலைமுறையை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பழமொழி முன்னால் வந்து நிற்கிறது. ஆக்கினோம். கடை ஆக்கினோம், வீடு ஆக்கினோம், பிள்ளைகளை ஆளாக்கினோம், ஊருக்குக் காசு அனுப்பினோம். 1985இலேயே மாணிக்க விநாயகருக்குக் கோயில் கண்டோம். ஆறியிருக்க மட்டும் பழகவில்லை.

விடிய ஐந்து மணிக்கு, நான் இருக்கும் பாரிஸ் புறநகரான கூசேன்வில்லின் தொடருந்து நிலையத்துக்கு வந்து பார்த்தால் நான் சொல்வது விளங்கும். எர்.ஏ.எர் டே பாதையில் கார் து நோர் நிலையத்துக்கு இங்கிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம். வில்லியே-லு-பெல், கார்ஜ்-சார்செல், சென்-தெனி என்று வழியெங்கும் நம்மவர்கள் ஏறுவார்கள். ஏறி இருந்த கையோடு தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அதை நித்திரை என்று சொல்ல மாட்டேன். தோள் இறுகியிருக்கும். விரல்கள் பையின் வாரைப் பிடித்திருக்கும். இறங்க வேண்டிய நிலையத்துக்கு ஒரு நிமிசம் முன்னதாகவே கண் திறந்துவிடும். உடம்பு சாய்ந்திருக்கிறது, உள்ளே காவற்காரன் இன்னும் எழும்பி நிற்கிறான். நானும் அப்படித்தான் வருடக்கணக்காகப் போய் வந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் பெரிய சட்டி ஒன்றைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது. வைத்தியர் கினேயிடம், அதாவது இயன்மருத்துவரிடம், அனுப்பினார். அந்தப் பெண்மணி முதுகையும் தொடையையும் பார்த்துச் சில பயிற்சிகள் தந்தார். ஐந்தாவது தடவை போனபோது கட்டிலில் ஏறச் சொல்லாமல் நிலத்தில் ஒரு பாயை விரித்தார். முழங்காலுக்குக் கீழே உருட்டிய போர்வை, தலைக்குக் கீழே மடித்த போர்வை, கண்ணுக்கு மேலே ஒரு துணி. "பதினைந்து நிமிசம். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றார். இது என்ன என்று கேட்டேன். "யோகா ரெஸ்தோரத்திஃப்" என்றார், தேற்றும் யோகம்.

அந்தச் சொல் எனக்குப் பழகிய சொல்லின் உடன்பிறப்பு. 'ரெஸ்தோரான்' என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் முதலில் ஒரு கடைக்கு வைத்ததல்ல. நோயாளிகளும் பலவீனமானவர்களும் குடித்துத் தேறுவதற்காக இறைச்சியை நெடுநேரம் காய்ச்சி எடுத்த சாறுக்குத்தான் அந்தப் பெயர். அந்தச் சாறு விற்ற இடங்களுக்குப் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. உடம்பைத் தேற்றும் சொல்லின் பெயர்ப்பலகைக்குக் கீழே இருபத்தாறு வருடம் நின்று நான் என் உடம்பைக் கரைத்திருந்தேன்.

மூன்று நிமிசம்கூட என்னால் கிடக்க முடியவில்லை. சாளரத்துக்கு மேலால் விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை, இந்த ஊரில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். நடந்துகொண்டோ தேத்தண்ணி குடித்துக்கொண்டோ கேட்டால் ஒன்றும் ஆவதில்லை. கண்ணை மூடி, வயிற்றைத் திறந்து, மல்லாந்து கிடக்கும்போது கேட்டதும் உடம்பு தன்பாட்டில் புரண்டு குப்புறப் போய்விட்டது. முழங்கை இரண்டும் நிலத்தில், நெஞ்சு தரையில் முட்டாமல், வாய் சற்றுத் திறந்தபடி. 1990இல் பள்ளிக்கூட முற்றத்தில் வரிசையாகக் கிடத்திப் பழக்கிய கிடை அது. குண்டு போடப் பொம்மர் வந்தால் இப்படிக் கிடக்க வேண்டும், அதிர்வு நிலத்தால் வந்து நெஞ்சில் அடிக்கக்கூடாது, காது வெடிக்காமலிருக்க வாய் திறந்திருக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லித் தந்தார். மிச்சப் பாடங்கள் எவ்வளவோ மறந்துபோயின. இது மறக்கவில்லை.

கினே என்னை எழுப்பவில்லை, தொடவும் இல்லை. "பரவாயில்லை, அப்படியே கிடங்கள்" என்று சொல்லிவிட்டுத் தானும் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அன்று இரவு வீட்டில் யோசித்தேன். படுப்பதில் எனக்கு இரண்டு விதம்தான் தெரிந்திருந்தது. ஒன்று பயத்தில் குப்புற. மற்றது களைப்பில் விழுந்த இடத்தில். முழித்திருந்தபடியே, ஒரு ஆபத்தும் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்து, ஆறிக் கிடக்கிற மூன்றாவது கிடையை எனக்கு யாரும் காட்டித்தரவில்லை. நானும் தேடவில்லை.

கூசேன்வில்லில் இதைப் பழகுவது மற்ற இடங்களைவிடக் கடினம் என்று நினைக்கிறேன். இந்த ஊரின் கதையே வானத்திலிருந்து வந்த சத்தத்தின் கதை. 1973 ஜூன் 3ஆம் திகதி பாரிஸ் விமானக் கண்காட்சியில் பறந்து காட்டிய சோவியத்தின் து-144 மீயொலி விமானம் உடைந்து இந்த ஊரின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 6 பேரும் ஊரவர் 8 பேரும் இறந்தார்கள். அடுத்த வருடம், 1974 மார்ச்சில், ருவாசி விமான நிலையம் திறந்தது. பழைய கிராமத்தின் தலைக்கு மேலால் விமானங்கள் போகத் தொடங்கியதும் சனம் வீடுகளை விற்றுவிட்டுக் கிளம்பியது. நடுவில் இருக்கும் சென்-பியேர்-சென்-போல் தேவாலயம் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் சுற்றியிருந்த வீடுகளை இடிக்க முடியவில்லை. கதவையும் சாளரத்தையும் கல் வைத்து அடைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். ஞாயிறுகளில் நான் அங்கே நடக்கப் போவதுண்டு. அடைத்த சாளரங்களைப் பார்க்கும்போது யாழ்ப்பாணத்து வலிகாமம் நினைவுக்கு வரும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு இடம்பெயர்ந்தபோது நாங்கள் பூட்டிவிட்டு வந்த வீடுகளும் இப்படித்தான் நின்றன.

ஓர்லி விமான நிலையம் இரவு 11.30 முதல் காலை 6 மணி வரை மூடிக் கிடக்கும். ருவாசிக்கு அந்த ஊரடங்கு இல்லை, சரக்கு விமானங்கள் சாமத்திலும் வந்து போகும். இங்கே ஓய்வைப் பழகுகிறவர் அமைதிக்காகக் காத்திருந்தால் பழகவே முடியாது. சத்தத்துக்குள்தான் பழக வேண்டும்.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று தேடி வாசித்தேன். 15ஆம் நூற்றாண்டு ஹடயோகப் பிரதீபிகை எண்ணிச் சொல்லும் பதினைந்து ஆசனங்களில் சவாசனமும் ஒன்று. பிணம்போல மல்லாந்து கிடப்பது களைப்பைப் போக்கும், மனதை ஆற்றும் என்று அந்த நூல் சொல்கிறது. திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகத்தை வைத்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டில் மைசூரிலும் பிறகு சென்னையிலும் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார், கட்டை, கயிறு, போர்வை, நாற்காலி எல்லாவற்றையும் துணைக்கு வைத்து நோயாளியின் உடம்பையும் ஆசனத்தில் ஆறவைத்தார். அவரிடம் கற்ற அமெரிக்கப் பெண்மணி ஜூடித் ஹான்சன் லாசட்டர் 1995இல் எழுதிய புத்தகத்தோடு அந்த ஆறவைக்கும் பகுதி தனி வகையாகப் பரவியது. இதில் தசையை இழுக்க வேண்டியதில்லை. உடம்பின் ஒவ்வொரு பாரத்தையும் தாங்க ஒரு தலையணை இருக்கும், அதில் பத்து நிமிசம், இருபது நிமிசம் கிடப்பதுதான் பயிற்சி. கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் யோக மந்திரம் தொடங்கியபோது ஆளுக்கேற்ற யோகம் என்பதை வலியுறுத்தினார். ஆசனத்துக்காக ஆளை வளைக்கக்கூடாது என்ற அந்தக் கொள்கை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிரான்சுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு இதய வைத்தியர் 1935இல் இதயத் துடிப்பைப் பதியும் கருவியோடு இந்தியாவுக்குப் போய் யோகிகளைச் சோதித்தார். சோதனைக்கு உட்பட்டவர்களில் கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர். யோகிகள் இதயத்தை நிறுத்திக் காட்டுகிறார்கள் என்ற பேச்சு பரவியது. 1961இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, இதயம் நிற்பதில்லை, நாடிதான் விரலுக்குத் தட்டுப்படாமல் போகிறது என்று காட்டியது. இந்தத் திருத்தம் எனக்கு ஏமாற்றம் தரவில்லை. இதயத்தை நிறுத்த எனக்கு ஒரு தேவையும் இல்லை, அது கொஞ்சம் மெல்ல அடித்தால் போதும். அதற்கு வழி எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு நெடுமூச்சு விட்டுப் பாருங்கள். மூச்சு உள்ளே வரும்போது நாடி சற்று விரையும், வெளியே போகும்போது சற்றுத் தாமதிக்கும். வெளிமூச்சை நீட்ட நீட்ட அந்தத் தாமதமும் நீளும்.

எங்கள் சனத்தின் பெருமூச்சைப் பற்றி யோசித்த ஒரு வைத்தியரும் இருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரின் நடுவில் தன்னிடம் வந்தவர்கள் பயம், துக்கம் என்று சொல்லாமல் தலையிடி, உடம்பு நோ, நெஞ்சு இறுக்கம், பெருமூச்சு என்று உடம்பின் பாசையிலேயே சொன்னதைக் கவனித்தார். போர் தமிழர்களின் மனதுக்குச் செய்ததைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1998இல் வந்தது. மருத்துவ முறையில் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெளிநாட்டிலிருந்து ஒரு தளர்வுப் பயிற்சியைக் கொண்டுவந்து இறக்காமல், சனத்திடம் ஏற்கெனவே இருந்ததை எடுத்துக் கொடுத்தார். சைவர்களுக்கு ஐந்தெழுத்து, கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், எல்லோருக்கும் மூச்சுப் பயிற்சியும் சாந்தியாசனமும். சவாசனத்துக்கு எங்கள் பக்கத்தில் சாந்தியாசனம் என்றொரு பெயர் உண்டு. பிணங்களைக் கண்ட சனத்திடம் பிணம்போலக் கிட என்று சொல்வதைவிடச் சாந்தியாகக் கிட என்று சொல்வது எவ்வளவு மேல்.

எங்கள் மாடிக்குக் கீழே ஒரு அக்கா இருக்கிறா. பதினெட்டு வருடமாக விமான நிலையத்தில் இரவுத் துப்புரவு வேலை. விடிய வரும்போது கணுக்கால் வீங்கிச் சப்பாத்தின் அச்சுத் தோலில் பதிந்திருக்கும். நான் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பதை என் மனைவி சொல்லியிருக்கிறா.

"தம்பி, படுக்கிறதுக்கும் ஆரும் பாடம் எடுப்பினமே?"

"ஒருக்கா படுத்துப் பாருங்கோ அக்கா. பிறகு கதைப்பம்."

படுத்தா. இரண்டு நிமிசத்தில் எழும்பி இருந்துவிட்டா. முகம் வேர்த்திருந்தது.

"கண்ணை மூடினா அங்க போயிடுறன் தம்பி."

எங்கே என்று நான் கேட்கவில்லை. அக்கா 2009இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலுக்குள் அகப்பட்ட தன் தம்பியைத் தேடித் தேடி இங்கே தொலைபேசியில் இருந்தவ.

"அப்ப மூடாதேங்கோ. லைற் எரியட்டும். முதுகு சுவரில முட்ட, ஒருபக்கமாச் சரிஞ்சு படுங்கோ. கதவு கண்ணில தெரியட்டும்."

அப்படித் தொடங்கினோம். ஒருபக்கமாகச் சரிந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை, மேலே கனத்த போர்வை, கண் திறந்தபடி. ஐந்து நிமிசம்தான். கண்ணை மூடு, மனதை வெறுமையாக்கு என்ற வழமையான அறிவுரை போர் பார்த்தவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று அன்று கண்ணால் கண்டேன். யோகம் கற்பிக்கிற நம்மவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். மூட முடியாத கண்ணைத் திறந்து வைக்க விடுங்கள். அறையின் கதவு எங்கே என்று முதலில் காட்டுங்கள். கேட்காமல் ஆளைத் தொடாதீர்கள்.

இப்போது அக்கா எங்கள் வீட்டுக்கு வராமலே தன் அறையில் செய்கிறா. வேலையால் வந்து, கால் முகம் கழுவி, பாயைச் சுவரோடு போட்டு, இடுப்பைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, காலிரண்டையும் மேலே சாய்த்துவிடுகிறா. இடுப்புக்குக் கீழே மடித்த துவாய். லாச்சப்பல் தமிழ்க் கடையில் வாங்கிய பயறை அரை இறாத்தல் அளவுக்குப் பழைய சாரத் துண்டில் கொட்டித் தைத்து எனக்கும் ஒன்று தந்தா. அது கண்ணுக்கு மேல் வைப்பதற்கு. அக்கா தன்னுடையதை நெஞ்சுக்கு நடுவில் வைக்கிறா, பயற்றின் பாரம் மூச்சோடு ஏறி இறங்குவது தெரிகிறதாம். வீக்கம் முழுதாக வற்றுவதில்லை. ஆனாலும் பத்து நிமிசத்தில் காலின் கடுப்பு இறங்குகிறது, அதற்குப் பிறகு வரும் நித்திரை நித்திரையாக இருக்கிறது என்கிறா. நான் அதை நம்புகிறேன், என் உடம்பும் அதையே சொல்கிறது. எனக்கு இடுப்பு முற்றாகச் சரியாகிவிடவில்லை, பெரிய சட்டியை இப்போதும் இரண்டு பேராகத்தான் தூக்குகிறோம். குளிர்நாளில் அது தன் இருப்பைச் சொல்லும். ஆனால் விமானம் போகும்போது நான் புரள்வதில்லை.

அதற்கு எனக்குத் துணை நின்றது ஒரு பழைய வாக்கு. நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளிடமிருந்து கொழும்புத்துறை யோகர் சுவாமிகளுக்கு வந்தது: "ஒரு பொல்லாப்பும் இல்லை." யோகர் சுவாமிகள் துறவுக்கு முன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்துக் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். வேலை செய்து களைத்த உடம்பை அறிந்தவர் என்று அதனால் எனக்கு அவரில் ஒரு நெருக்கம். நான் ஞானி இல்லை, அந்த வாக்கின் ஆழம் எனக்கு எட்டாது. கூரைக்கு மேலால் விமானம் போகும்போது மூச்சை மெல்ல விட்டு அதை உள்ளே சொல்கிறேன். சத்தம் வருகிறது, பெருக்கிறது, தேய்கிறது. அதில் இருப்பவர்கள் எங்கோ விடுமுறைக்குப் போகிறவர்கள், யாரோ ஒரு பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள். ஒரு பொல்லாப்பும் இல்லை.

அவசியமான சில விசயங்களையும் சொல்லிவிடுகிறேன். இதயத் தளர்ச்சி உள்ளவர்களும் கண்ணழுத்தம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் காலைச் சுவரில் தூக்கி வைக்கக்கூடாது, கண்ணுக்கு மேல் பாரமும் கூடாது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்கள் மாதம் ஏறிய பிறகு மல்லாந்து கிடக்காமல் இடப்பக்கம் சரிந்து படுப்பது நல்லது. இரவெல்லாம் நித்திரை இல்லாமல், பழைய காட்சிகள் துரத்த, சாப்பாடு இறங்காமல் இருப்பவர்களுக்குப் பாயும் தலையணையும் மட்டும் போதாது. அவர்கள் உளமருத்துவரிடம் போக வேண்டும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பாரிசில் இந்த ஆறுதலுக்கு ஒரு மணி நேரத்துக்கு இருபது யூரோவுக்கு மேலும் வாங்குகிறார்கள். அக்காவுக்கு அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிலம் துடைத்த கூலி. அவ அங்கே போகமாட்டா, போகத் தேவையும் இல்லை. பாயும் தலையணையும் போர்வையும் எல்லார் வீட்டிலும் உண்டு. இல்லாதது இடமும், "கிட, ஒன்றும் செய்யாதே" என்று சொல்ல ஒரு ஆளும்தான். வீட்டில் ஒரு அம்மா பகலில் படுத்திருந்தால் என்ன வருத்தம் என்று கேட்கிற சனம் நாங்கள்.

ஆகவே தமிழ்ச்சோலைப் பள்ளிகளை நடத்துகிறவர்களிடமும் ஊர்ச் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் உள்ளே அகரம் படிக்கும் நேரம் தாய்மார் வெளி நடைக்கூடத்தில் கதிரையும் இல்லாமல் இரண்டு மணி நேரம் காத்து நிற்கிறார்கள். பலர் இரவு வேலையால் நேரே வந்தவர்கள். பக்கத்தில் ஒரு வெறும் வகுப்பறை இருக்கும். அதைத் திறந்துவிடுங்கள். பத்துப் பாய் போதும், போர்வையை அவரவர் கொண்டுவரட்டும், பயற்றுப் பையை அக்கா தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறா. வருகிற செப்டெம்பரில் வகுப்புகள் தொடங்கும்போது கேளுங்கள், கூசேன்வில்லில் பாய் விரிக்க நான் வருகிறேன்.